கருப்பாயியின் வேண்டுதல்

“என் மவன் உசுரோட திரும்பி வந்தா, என் மருமவ தலைமுடிய உனக்கு எறக்குறேன், மாரியாத்தா!”

விடியற்காலைப் பெரட்டில், ஆள் எண்ணிக்கொண்டிருந்த கங்காணியிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள் கருப்பாயி.

மருமகள் அங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்காரன் சண்டைக்காக, பஸ்ராவில் ரயில் பாதை போட வேலு கப்பலேறி இரண்டு மாதம்தான் ஆகிறது. முழங்காலைத் தொடும் இந்தக் கூந்தலைப் பார்த்துத்தான் அவன் அவளைக் கட்டிக்கொண்டதே!

“ஏன் அத்தே, உங்க தலையில முடி இல்லையா?”

“இந்த எலிவாலை வாங்கிக்க ஆத்தா என்ன இளிச்சவாயா?”

ரப்பர் பால் வெட்டும் அந்த லாபிஸ் கித்தாத் தோட்டமே சிரித்தது.

கருப்பாயி அசரவில்லை. மருமகளின் கொண்டையில் மஞ்சள் துணியைக் கட்டி வேப்பிலையும் செருகினாள். “ஆத்தா சொத்து! தொட்டவன் கை அழுகிடும்!” என்று தினமும் பெரட்டில் முழக்கம் வேறு. அன்றிலிருந்து கங்காணிகூடப் பத்தடி தள்ளி நின்றுதான் அங்கம்மாவுக்குப் பேர் போட்டான். அந்த அவமானத்தையும் அவள் சகித்துக்கொண்டாள்.

புருஷன் வரணும் என்று கும்பிடுவாள். உடனே முடி ஞாபகம் வந்து அழுவாள். அழுததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இப்படியே இரண்டு வருஷம்.

ஒருநாள் வேலு லாபிஸ் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். கறுத்து, இளைத்து, ஆனால் முழுசாக.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“போனாப் போவுது. அவரு வந்துட்டாரே, அது போதும்” என்று அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்காரப் போனாள்.

“தள்ளுடி!”

அவளை ஓரங்கட்டிவிட்டுக் கருப்பாயி உட்கார்ந்தாள். எலிவாலை அவிழ்த்துவிட்டாள்.

“என்ன அத்தே இது?”

“நேந்துக்கிட்டது என் முடியத்தான்டி. ஆத்தா காதுல மட்டும் ரகசியமாச் சொன்னேன்.”

“அப்ப பெரட்டுல என் முடின்னு கத்துனது?”

கருப்பாயி குரலைத் தாழ்த்தினாள்.

“அது ஆத்தாளுக்கு இல்ல. ‘மவன்தான் இல்லையே, மருமவள என் வீட்டு வேலைக்குத் தனியா அனுப்பு’ன்னு இளிச்சிக்கிட்டு வந்து நின்னானே கங்காணி, அவனுக்கு!”