உடையாத ஒன்று

"என் பாஸ்வேர்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" மேனேஜர் கேட்டார்.

"ரெண்டு நொடி சார். உங்க பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு" என்றாள் கணினிப் பிரிவுப் பெண், சிரிக்காமல்.

அலுவலகத்தில் அறுபது பேருடையதையும் சோதிக்கச் சொன்னதே அவர்தான். மனைவி பேர், மகன் பிறந்தநாள், பிடித்த நடிகர் என்று ஐம்பத்தொன்பதும் மதியத்துக்குள் உடைந்துவிட்டன. ஒன்று மட்டும் மூன்று நாளாக அசையவில்லை.

"யாரோடது?"

சொன்னாள். மேனேஜருக்கு முகம் சிவந்தது.

"அந்தம்மாவா? எவனோ கத்துக்குடுத்திருக்கான். கூப்பிடு. உண்மையைச் சொல்லலேன்னா இன்னியோட வேலை காலி."

துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு அந்தம்மா உள்ளே வந்தாள்.

"யார் சொல்லிக்குடுத்தது?"

"யாருமில்லை சார். வருகை பதிய பாஸ்வேர்டா ஏதாவது பட்டனைத் தட்டச் சொன்னாங்க. தினம் அறுபது கீபோர்டு துடைக்கிறேன். யார் கையும் படாத பட்டன் எதுன்னு எனக்குத் தெரியாதா? தூசி படிஞ்சதாப் பார்த்துப் பதினாறு தட்டினேன்."

"அத்தனையும் ஞாபகம் இருக்கா?"

"எது எந்த மூலையில இருக்குன்னு கைக்குத் தெரியும் சார்."

கணினிப் பிரிவுப் பெண் எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினாள். "உட்காருங்கக்கா. மூணு நாளா என் மெஷினைத் திணறடிச்சது நீங்கதானா!"

மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது. "எல்லாரையும் மாதிரி உங்க பேரைப் போட்டிருக்கலாமேம்மா?"

"போட்டிருப்பேன் சார். எனக்குத்தான் என் பேரை எழுதத் தெரியாதே."