நின்னாலும் மங்கக் கூடாது

"வெள்ளை பல்புதான் வேணும். இருக்கிறதிலேயே நல்ல பிரகாசமா."

மெக்கானிக் தோமிதா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். கடைக்குள் பழைய மோட்டார் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றவர் இவாமி சான். மலையடிவாரத்தில், ஊருக்குக் கடைசி வீட்டுக்காரர்.

"இது அந்தக் காலத்து வண்டி, இவாமி சான். ஆறு வோல்ட். எல்.இ.டி. போடணும்னா பேட்டரி, வயர் எல்லாத்தையும் மாத்தணும்."

"மாத்து."

"மலைப்பாதை மூடுபனிக்கு மஞ்சள் வெளிச்சம்தான் தோது."

"வெள்ளைன்னு சொன்னேன்ல?"

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. வேற?"

"வண்டி நின்னாலும் வெளிச்சம் மங்கக் கூடாது."

தோமிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய வண்டிகள் அப்படித்தான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் விளக்கு பிரகாசிக்கும். விட்டால் தூங்கி வழியும்.

"ஓடுற வண்டிக்குத்தானே விளக்கு? நிக்கிற வண்டிக்கு எதுக்கு?"

"பதிமூணாம் தேதி சாயங்காலம் ஒருத்தன் வர்றான். அதுக்குள்ள முடிச்சுக் குடு."

சொல்லிவிட்டு இவாமி சான் திரும்பி நடந்தார். தோமிதாவால் வாயை அடக்க முடியவில்லை.

"போன வருஷம் உங்க பையன் நவோகியும் இதைத்தான் கேட்டான். வளைவுல ஒண்ணுமே தெரியலை, பல்பை மாத்தித் தாங்கன்னு. நீங்கதான்..."

இவாமி சான் நடையை நிறுத்தவில்லை. தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

தோமிதாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இதே இடத்தில் நின்றுகொண்டு, "ஒரு ஸ்குரூ மாறினாலும் வண்டியோட மதிப்பு போச்சு. பயமா இருந்தா பஸ்ல போடா!" என்று பெற்ற மகனை விரட்டிய ஆள்தானே இவர்!

நவோகி மறுபேச்சுப் பேசவில்லை. அழுதுவடிந்த அந்த வெளிச்சத்திலேயே வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நவம்பரில் ஒரு நாள், பனி மூடிய சாயங்காலத்தில், வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடைசி வளைவில் விழுந்தான். வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே தெரியும் அந்த வளைவு. வண்டி தடுப்புக் கம்பியில் சிக்கித் தப்பிவிட்டது. பிள்ளை பள்ளத்துக்குள் போய்விட்டான்.

"கேட்டீங்களா கூத்தை?" என்று உள்ளே வந்தாள் ஃபுமியே. பக்கத்து டோஃபு கடைக்காரி. கை டோஃபுவை வெட்டினாலும் காது எப்போதும் இந்தக் கடையில்தான் இருக்கும்.

"பதிமூணாம் தேதி ஓபோன் ஆச்சே! செத்தவங்க வீடு தேடி வர்ற நாளு. அதுவும் அந்தப் பிள்ளைக்கு இது முதல் ஓபோன். முதல் தடவை வர்றவங்களுக்கு வழி தெரியாதுன்னு அந்த வீட்டு வாசல்ல வெள்ளை லாந்தர் கட்டுறது வழக்கம். இவர் கட்டினாரா? கேட்டதுக்கு, 'லாந்தர் வேண்டாம்'னு ஒரே வார்த்தை. அதே நாள்ல வண்டியை விக்க ஆளை வரச் சொல்லியிருக்கார்!"

"விக்கவா?"

"பின்னே? ஒருத்தன் வர்றான்னா வேற எதுக்கு வருவான்? அதான் புதுப் பல்பு போட்டு மினுக்குறார். மகன் கேட்டப்போ இல்லாத மனசு, விலை கிடைக்கும்னதும் எப்படி வந்துச்சு பாருங்க! மனுஷனா இவரு?"

தோமிதா வேலையை முடித்துக் கொடுத்தார். வண்டியை எடுக்க வந்த இவாமி சானிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதிமூணாம் தேதி பொழுது சாய்ந்தது. இறந்தவர்களை வரவேற்க வீட்டுக்கு வீடு வாசலில் சிறு தீ மூட்டினார்கள். வெள்ளை லாந்தர் கட்டிய வீடுகளும் இரண்டு மூன்று இருந்தன. கடைசி வீடு மட்டும் இருண்டு கிடந்தது.

திடீரென்று அந்தப் பக்கமிருந்து பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி மலைப்பக்கம் திரும்பி நின்றது.

"ஐயோ, கண்ணே அவிஞ்சு போச்சு!" ஃபுமியே கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "வாங்க வந்தவனுக்கு விளக்கைப் போட்டுக் காட்டுறார் போல. வாங்க தோமிதா சான், நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வருவோம். இதைக் கேக்கலைன்னா நமக்கே பாவம்!"

இருவரும் வேகமாகப் போனார்கள்.

வேறு யாரையும் காணோம். வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றது வண்டி. எஞ்சின் ஓடவில்லை. மங்காத வெள்ளை வெளிச்சம் மட்டும் பனிக்குள் நீண்டு, மேலே வளைவில் இருந்த தடுப்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவாமி சான் கழுத்துத் துண்டால் ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்குறவர் எங்கே?" என்றாள் ஃபுமியே வெடுக்கென்று.

"எதை வாங்குறவர்?"

"வண்டியைத்தான்! இன்னைக்கு ஒருத்தர் வர்றார்னீங்களே?"

இவாமி சானுக்கு அவள் சொன்னது புரிந்ததாகவே தெரியவில்லை.

"லாந்தர் வெளிச்சம் வாசலோட நின்னுடும்மா," என்றார். "அவன் அந்த வளைவுலதானே நிக்கிறான்."

ஃபுமியே வளைவைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோமிதா குனிந்து பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தார். "விடியிற வரைக்கும் தாங்கும், இவாமி சான்."

இவாமி சான் தலையசைத்தார். பிறகு, பனி மூடிக் கிடந்த வளைவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நவோகி... இப்போ பாதை தெரியுதாடா?"