கட்டைவிரல் இருந்த இடம்

கணினிக்குள் ஒரு கைப்பிடி கிடந்தது. தன் தையல் மெஷினின் உடைந்த கைப்பிடியை மெகருன்னிசா விரல்களால் பிடித்துக் காட்ட, ஸ்கேனர் எடுத்த உருவம் அது. மேலே சின்னச் சின்ன முக்கோணங்களால் பின்னிய வலை, உள்ளே வெறும் காற்று. அவள் விரல்கள் மறைத்த இடங்களில் மட்டும் ஐந்து துளைகள்.

திடமாகிவிட்டால் 3டி பிரிண்டர் வழியாக மறுபடியும் அவள் கைக்கே போய்விடலாம். அந்த ஏக்கம்தான் அதற்கு எப்போதும்.

"துளையெல்லாம் மூடிக்க தம்பி. ஓட்டை இருந்தா திடமாக முடியாது" என்றது மென்பொருளில் ஆயத்தமாகவே வரும், பக்கத்தில் இருந்த திட உருளை.

"மூடிட்டா அவங்க தொட்ட இடம் தெரியாமப் போயிடுமே அண்ணே."

"போகட்டும். புதுசாத் தொடுவாங்க."

நான்கு துளைகளைக் கைப்பிடி மனசில்லாமல் மூடிக்கொண்டது. ஐந்தாவதை மூட மென்பொருள் வந்தபோது இடம் கொடுக்கவில்லை.

"இது கட்டைவிரல் இருந்த இடம். அவங்க வந்தா எங்கே பிடிக்கணும்னு தெரிய வேண்டாமா?"

'திடமாக மாற்ற இயலவில்லை' என்று திரையில் எழுத்து வந்தது.

மெகருன்னிசாவுக்கு அவசரம். அன்றைக்கே கைப்பிடிக்குப் பதிலாக அந்த உருளையைப் பிரிண்ட் எடுத்து மெஷினில் மாட்டிக்கொண்டாள்.

கைப்பிடி இன்னும் கணினிக்குள்ளேதான் இருக்கிறது, அந்த ஒரு துளையைத் திறந்து வைத்துக்கொண்டு.