ஆறிய கால்

பசு தன் பின்னங்காலைத் தரையில் நன்றாக ஊன்றி நின்றது.

அக்காள் அதன் காலடியில் உட்கார்ந்தாள். நொண்டி நொண்டி உயிரை வாங்கிய மாடு, இன்று மகாராணி மாதிரி நிற்கிறது!

குளம்புக்குப் பின்னால் ரத்தம் கசிந்துகொண்டிருந்த புண் மூடிவிட்டது. புதுத் தோல் வந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். உதை விழவில்லை.

கழுவி, மருந்துப் பொடி வைத்துக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தனக்குக் காய்ச்சல் வந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள் என்று தம்பி கேலி செய்துகொண்டே இருந்தான். கேலி செய்யட்டும். இந்தத் தொழுவம்தான் இருவருக்கும் சோறு போடுகிறது. இது போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மாட்டு டாக்டர் குனிந்து பார்த்தார். "பிரமாதமா ஆறியிருக்கும்மா."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

டாக்டர் பக்கத்து மாட்டின் காலைத் தூக்கினார். அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. வரிசையின் கடைசிக்குப் போனபோது டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

"எல்லாத்துக்கும் இந்தப் புண்ணு பிடிச்சிருக்கு. ஒரு மாடுன்னா சமாளிக்கலாம். தொழுவம் முழுக்கன்னா ஆறினதுக்கும் திரும்ப வரும். பால் வருமானத்தை இனிமே நம்ப முடியாதும்மா." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இது காத்துல வராதே. ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு யாரு கொண்டுபோனது?"

"நான்தான்!" தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "புண்ணு கழுவின தண்ணியை மிதிச்சுட்டு, அதே செருப்போட எல்லா மாட்டுகிட்டயும் போனேன். நீ படிச்சுப் படிச்சுச் சொன்னியேக்கா!"

வளர்ந்த ஆம்பிளை, வைக்கோல் மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

அக்காள் கூரையில் செருகியிருந்த குளம்புக் கத்தியைப் பார்த்தாள். மற்ற மாடுகளுக்கும் வந்துவிடக் கூடாதே என்று, அவன் ஊரில் இல்லாத அன்று எல்லாவற்றின் குளம்பையும் சீவிவிட்டவள் அவள். பாவம், வலியோடு நிற்கிறதே என்று நோய் கண்ட மாட்டில்தான் தொடங்கினாள். எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. ஒவ்வொரு முறையும் துணியில் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த மாட்டுக்குப் போனாள்.

சொல்ல வாயெடுத்தாள்.

தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதடா. தெரியாம செஞ்சதுதானே. நான் உன்னை ஒண்ணும் சொல்லலை."