மனபாரம் இறக்குமிடம்

கறுப்புத் துணியை அவருடைய பின்மண்டையில் முடிச்சுப் போடும்போது, இதே துணி கொஞ்சம் கீழே இறங்கினால் கழுத்துக்குக் கச்சிதமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை விழுங்கிக்கொண்டு, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

“மெதுவா மேடம், ரத்த ஓட்டம் நின்னுடப் போகுது” என்றார் நிர்வாக அதிகாரி.

“நிக்காது சார். அவ்வளவு சீக்கிரம் உங்களை விட்டுடுவேனா?”

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பெரிய மருத்துவமனை ஒன்றை ஆட்டி வைக்கிற மனிதர். வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கியதிலிருந்து இந்த முகாமையும் ஆட்டி வைக்கப் பார்த்தார். பச்சைச் சாறு கசக்கிறது, பாய் மெலிதாக இருக்கிறது, ஜன்னலில் குருவி அதிகமாகக் கத்துகிறது. மூச்சை ஆழமாக இழுங்கள் என்றால், அதிலும் முதல் பரிசு வாங்கப்போகிறவர் மாதிரி இழுத்தார்.

அவள் நடத்தும் வார இறுதி மன அமைதி முகாமில் விருந்தினர்கள் ஐந்து பேரும் தனித்தனி அறையில் தங்க வேண்டும். கூடத்துக்கு வரும்போது கண்கட்டு. முறை வருகிறவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் மூச்சு விடலாம். முகம் தெரியாத இடத்தில்தான் மனது வாயைத் திறக்கும் என்று விளக்கம் சொல்லி, எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள். முதல் முகாம் என்பதால் இலவசம். யாரை அழைப்பது என்று அவளே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

இவ்வளவு ஏற்பாடும் இந்த ஒரு மனிதரின் வாயிலிருந்து ஒரு உண்மையைப் பிடுங்கத்தான். அவருடைய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்த அவள் அக்காவைத் திருடி என்று வெளியே தள்ளியிருந்தார்கள். லாக்கரில் போதை ஊசி மருந்து இருந்ததாம். அதற்குப் பிறகு எந்த மருத்துவமனையும் அக்காவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் அக்கா யார் வீட்டுக்குப் போனாலும், கிளம்புவதற்கு முன் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

அவரைக் கைப்பிடித்துக் கூடத்துக்குக் கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தாள். மற்ற நால்வரும் ஏற்கெனவே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூலைப் பாயில் இருந்த பெரியவரிடமிருந்து மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது.

அவள் பெரியவரின் காதருகே போய்க் கைமணியைச் சற்றுப் பலமாகவே அடித்தாள். குறட்டை நின்றது.

“சார், இப்ப உங்க முறை. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லுங்க. பாரம் இறங்கிடும்.”

“எனக்குப் பாரமெல்லாம் கிடையாது மேடம். சொல்ல முடியாத பெருமைதான் ஒண்ணு இருக்கு.” நிர்வாக அதிகாரி தொடையைத் தட்டிக்கொண்டார். “எங்க ஆஸ்பத்திரில சுவாச மெஷின் திறப்பு விழா. நான் மைக்கைப் பிடிச்சு, ‘இதோ, இந்த நிமிஷத்துலேர்ந்து இது மூச்சு விடுது’ன்னு உருகி உருகிப் பேசறேன். ஒரு நர்ஸ் எழுந்து, ‘சார், இன்னும் பிளக்கே சொருகலை’ங்கறா. மேடையே சிரிச்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? எல்லாரையும் சிரிக்க வெச்சவளை நான் அழ வெச்சேன். ஸ்டோர்ல ரெண்டு மூணு குப்பி எடுத்தேன். அவ லாக்கரோட மாத்துச் சாவி என்கிட்டதானே இருக்கு? மறுநாள் நானே சோதனை போட்டேன், நானே அதிர்ச்சி அடைஞ்சேன்.” வயிறு குலுங்கச் சிரித்தார். “அந்த அதிர்ச்சிதான் மேடம் கஷ்டம். கண்ணாடி முன்னால நின்னு பழகிட்டுப் போனேன்.”

“மேல இருக்கறவங்க யாரும் கேக்கலையா?”

“யாரு, சேர்மனா? வயசான மனுஷன். நான் நீட்டுற காகிதத்துல கையெழுத்துப் போடறதுக்குத்தான் அவரை வெச்சிருக்கோம்.”

அவள் கைமணியைத் தரையில் வைத்தாள்.

“அந்த நர்ஸ் என் அக்கா.”

அவர் கை கண்கட்டை நோக்கிப் பாதி வழி போயிற்று. பிறகு யோசித்து, பத்திரமாக மடிக்கே திரும்பியது. முகத்தைக் காட்டாமல் இருப்பதுதான் லாபம்.

“ஓஹோ! அதான் சாறும் இலவசம், சாமரமும் இலவசமா?” என்றார். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. “சரி, கேட்டுக்கிட்டீங்கல்ல? போய்த் தண்டோரா போடுங்க. திருடியோட தங்கச்சி பேச்சை எவன் நம்புவான்? ஃபோனையெல்லாம் நீங்களே பூட்டிட்டீங்க. இங்க உக்காந்திருக்கிறவங்களுக்கோ நான் கறுப்பா சிவப்பான்னே தெரியாது. எல்லாம் நீங்க போட்ட சட்டம்தான் மேடம்!”

அவள் மெதுவாக எழுந்து, மூலைப் பாயருகே போய்க் குனிந்தாள்.

“ஐயா, இனிமே நீங்க பேசலாம்.”

பெரியவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும் நிர்வாக அதிகாரியின் முழங்கால்கள், பழக்க தோஷத்தில், தாமாகவே எழுந்து நிற்கப் பார்த்தன.

“சேர்மன் பேசறேன்ப்பா.”