மூன்று கோப்பை, மூன்று கோஷம்

“வெள்ளை அறிக்கை குடுன்னு நாப்பது வருஷமா கத்திக்கினு இருக்கேன். கடைசில குடுத்தது இன்னா? வெள்ளை டீ!”

மணிமாறன் மேசையைத் தட்டினார். ஓட்டல் ஊழியர்கள் சிரித்தார்கள். முதலாளி ராஜ்குமார் மட்டும் சிரிக்கவில்லை.

திண்டிவனம் பைபாஸில் இருந்தது அந்த ஓட்டல். புதுச்சேரிக்குப் போகிற கார்க்காரர்கள் இப்போதெல்லாம் பால் சேர்க்காத வெள்ளை டீ கேட்கிறார்களாம். அதனால் முதலாளி புதுச் சட்டம் போட்டிருந்தார். நீலகிரி, டார்ஜிலிங், சீனா என்று மூன்று ஊர் வெள்ளை டீயையும் குடித்துப் பார்த்து, எது எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் டீ கவுண்டரில் இடம். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பதினெட்டு வருஷமாக அந்தக் கவுண்டரில் நிற்கிற கெங்கம்மாளுக்குத்தான் பரீட்சை.

முதலாளிக்குத் தெரியாத ஒன்று சங்கத் தலைவர் மணிமாறனுக்குத் தெரியும். கொரோனா காய்ச்சலில் கெங்கம்மாளுக்குப் போன மோப்பம் திரும்பி வரவே இல்லை. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். கைப்பழக்கத்தில் டீ போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்காகத்தான் தலைவர் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்து அவளுக்குத் திட்டத்தைச் சொல்லியிருந்தார்.

“மொதல்ல நான் குடிப்பேன். குடிச்சதும் ஒரு கோஷம் போடுவேன். ‘வாழ்க’ன்னா நீலகிரி. நம்ம மலை. ‘வெல்க’ன்னா சீனா. பழைய பாசம், வேற சொல்ல மனசு வர்ல. ‘ஒழிக’ன்னா டார்ஜிலிங்.”

“டார்ஜிலிங் இன்னா பாவம் பண்ணுச்சு தலைவரே?”

“நம்மகிட்ட இருக்கிறதே மூணு கோஷம். யாராவது ஒருத்தர் ஒழிஞ்சுதானே ஆவணும்?”

“உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?”

“கேட்ட பாரு! மூணுலயும் ஒரு சிட்டிகை வாங்கிக்கினு போய் நேத்தே வீட்ல போட்டுக் குடிச்சுட்டேன். ஒண்ணு வைக்கோல் வாசம், ஒண்ணு பச்சை மல்லாட்டைக் கடலை, ஒண்ணு பூ. கடலூர் ஜெயில் கஞ்சி வேற, வேலூர் ஜெயில் கஞ்சி வேறன்னு பிரிச்சுச் சொன்ன நாக்கு இது.”

பரீட்சை வைக்கக் குன்னூரிலிருந்து பானுப்ரியா என்ற பெண் வந்திருந்தாள். டீ ருசி பார்ப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். வெள்ளைக் கோட்டு, கையில் பரீட்சைத் தாள். பார்த்ததுமே மணிமாறனுக்குப் பிடிக்கவில்லை.

“முதலாளி கூட்டியாந்த கைக்கூலி,” என்றார், அவள் காதில் விழட்டும் என்றே.

அவள் மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்தாள்.

“சாட்சிக்கு வந்தவன் நான். மொதல்ல நான் குடிப்பேன்,” என்றார் மணிமாறன்.

“குடிச்சுத் தொலைங்க,” என்றார் ராஜ்குமார். “ஆனா எது எந்த ஊருன்னு வாயத் தொறக்கக் கூடாது.”

“ஊர் பேரே சொல்ல மாட்டேன். கோஷம் போடுவேன். அது என் பிறப்புரிமை.”

பானுப்ரியா ஒரு கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “ருசி பாத்துட்டு இதுல துப்பிடலாங்க.”

“தொழிலாளி பறிச்ச இலை! துப்ப மாட்டேன்!”

முதல் கோப்பையை உறிஞ்சி, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, விழுங்கினார்.

“தொழிலாளர் ஒற்றுமை வாழ்க!”

கெங்கம்மாள் பெயருக்கு ஒரு வாய் குடித்தாள். “நீலகிரிங்க.”

பானுப்ரியா எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது கோப்பை.

“முதலாளி திமிர் ஒழிக!”

“யோவ், என் டீயக் குடிச்சுக்கினே எனக்கு ஒழிகவா?” என்று எகிறினார் ராஜ்குமார்.

“டார்ஜிலிங்குங்க,” என்றாள் கெங்கம்மாள், ஜல்தியாக.

மூன்றாவதற்கு, “போராட்டம் வெல்க!” என்றார் தலைவர். “சீனாங்க,” என்றாள் அவள்.

பானுப்ரியா தாளைப் பார்த்தாள். கெங்கம்மாளைப் பார்த்தாள்.

“மூணும் கரெக்ட்டுங்க சார்.”

ஊழியர்கள் விசில் அடித்தார்கள். ராஜ்குமார் உர்ரென்று எழுந்து, “போய் கவுண்டர்ல நில்லுங்க. கும்பல் காத்துக்கினு கீது,” என்று கெங்கம்மாளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். உழைக்கிறவன் நாக்கை எந்த மூலதனத்தாலும் ஏமாற்ற முடியாது என்று மணிமாறன் அரைமணி நேரம் பேசினார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், பானுப்ரியா தோள்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, கைக்கூலிக்கு முதலாளி கார் அனுப்பலியா?”

“வளவனூர்ல அம்மா வூடு. விழுப்புரம் போய்த்தான் போவணும்.”

“படிச்ச படிப்பு ஒரு டீக்காரம்மாகிட்ட தோத்துப்போச்சே. பேஜாராத்தான் இருக்கும்.”

அவள் சிரித்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தம்மா கோப்பையப் பாக்கவே இல்ல ஐயா, உங்க வாயத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. காலைல வந்ததும் அவங்க போட்ட பால் டீயக் குடிச்சேன். மார்க் போட எனக்கு அதுவே போதும்.”

மணிமாறன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. “எப்படியோ, என் நாக்குதானே ஜெயிச்சுது?”

“மூணுமே தப்புங்க ஐயா. நீங்க தொண்டை கிழிய ஒழிகன்னு கத்தினீங்களே, அதுதான் நம்ம நீலகிரி.”