கறுப்புப் பக்கம்

"ஒவ்வொரு பக்கத்துக்கு அப்புறமும் ஒரு கறுப்புப் பக்கம் வேணுமாம். எழுத்தில்லாம, படமில்லாம, சும்மா கன்னங்கரேல்னு!"

இதைச் சொன்னபோது அவன் சிரித்தானா, எரிந்து விழுந்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிரித்ததாக அவன் சொல்கிறான். கையிலிருந்த கோப்பையை நங்கென்று வைத்ததாக அவன் மனைவி சொல்கிறாள். இரண்டும் நடந்திருக்கலாம்.

வேலையை விட்டுவிட்டு, வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்து அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். பாடத்தை வெறும் எழுத்தாகத் தட்டினால் போதும். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் வைத்தால் புதிய பக்கம். சிறுகோடு வைத்தால் அதன் கீழே வரும் குறிப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் எச்டிஎம்எல் கோப்பாகி, எந்த பிரவுசரிலும் பக்கம் பக்கமாக ஓடும். வாங்கத்தான் ஆளில்லை.

தையல் மெஷின் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் பயிற்சி மையம் ஒன்று, "எங்க டீச்சர் ஒருத்தங்க வகுப்புல போட்டுப் பாக்கட்டும். சரியா வந்தா எல்லா வகுப்புக்கும் வாங்கிக்கறோம்" என்றது. சரியாக வராவிட்டால் பழைய அலுவலகத்துக்கே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

"அந்த டீச்சர் கேட்டா குடுத்துட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி, அவசரமாகத் தலை வாரியபடி. "உங்க வீட்டுச் சொத்தையா கேக்கறாங்க?"

"அதுக்கில்லம்மா. பத்துப் பக்கம் இருபதாயிடும். பாக்கறவன் கரண்ட் போயிடுச்சுன்னு நெனப்பான். கெட்ட பேரு யாருக்கு? எனக்கு."

"எதுக்கு வேணும்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே. பதிலப் பாரு." போனை நீட்டினான்.

'கறுப்புப் பக்கம் வந்தால்தான் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்' என்று இருந்தது. கீழே இன்னொன்று: 'விளக்கும் என் மேல் விழும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.'

மனைவியின் சீப்பு பாதியில் நின்றது. "அடேங்கப்பா! சினிமாவுக்குப் போக வேண்டியவங்க, வழி தவறி மெஷின் ரிப்பேருக்கு வந்துட்டாங்க போல."

"போன் பண்ணா எடுக்கறதும் கெடையாது. அடிச்சு ஓய்ஞ்சதும் மெசேஜ் வரும், 'என்ன விஷயம்?'னு. மகாராணி நம்மகிட்டல்லாம் பேச மாட்டாங்க."

"இருக்கட்டுமே. அவங்க வகுப்பு, அவங்க இஷ்டம். சொன்னத மட்டும் செய்ங்க. உங்க மேதாவித்தனத்த உள்ள நுழைக்காதீங்க."

அவள் கிளம்பிப் போனபின் அவன் திரை முன்னால் உட்கார்ந்தான். ஒரு வரியில் நட்சத்திரம் மட்டும் தனியாக நின்றால் அங்கே கறுப்புப் பக்கம் வர வேண்டும் என்று ஒரு விதி எழுதினான். வந்தது. ஓட்டிப் பார்த்தான். பளிச், கறுப்பு, பளிச், கறுப்பு. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் ஓர் அறை விட்டு ஓர் அறைக்கு விளக்கெரியாதது போல இருந்தது. மனசு கேட்கவில்லை.

விதியைக் கொஞ்சம் மாற்றினான். தனி நட்சத்திரம் வந்தால் கறுப்பாக்காதே, தாண்டிப் போ. வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் அனுப்பி வைத்தான். பவுசை விட்டுவிட்டுப் பாடத்தைக் கவனிக்கட்டும். பின்னால் அவரே நன்றி சொல்வார்.

நன்றிக்குப் பதிலாக மையத்தின் மேலாளர்தான் அழைத்தார். "சார், கறுப்புப் பக்கம் எங்கன்னு டீச்சர் ஒத்தக் கால்ல நிக்கறாங்க. மெசேஜ் மேல மெசேஜ். வகுப்பு ஆரம்பிச்சாச்சு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வழியில் மனைவியின் அலுவலகம். விஷயத்தைக் கேட்டதும் அவள் பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தாள். "மகாராணிய நேர்ல பாத்தே ஆகணும்."

"உனக்கு வேடிக்கையா இருக்கு. எனக்குப் பொழப்பே போகப் போகுது."

"சொன்னத செஞ்சிருந்தா எதுக்குப் போகப் போகுது?"

"சிஸ்டத்துல சின்னக் கோளாறுன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க. சிஸ்டம் வந்து இல்லேன்னா சொல்லப் போகுது!"

வகுப்பறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் நின்று கேட்டான். உள்ளே டீச்சரின் குரலும் இல்லை, வேறு பேச்சுச் சத்தமும் இல்லை.

"போச்சு. பாதியிலயே கலைச்சிட்டாங்க," என்றான். பழைய அலுவலகத்தின் சுழல் நாற்காலி அவன் கண்முன்னால் ஒரு சுற்று சுற்றி நின்றது. மனைவி கிண்டலை நிறுத்திவிட்டு அவன் முதுகில் கை வைத்தாள். "தொறங்க. பாத்துக்கலாம்."

கதவை மெல்லத் தள்ளினான்.

ஒருவரும் போகவில்லை. ஆளுக்கொரு தையல் மெஷினோடு அறை நிறைய ஆட்கள். திரையில் நூல் சுற்றும் பாபினின் படம். எல்லாக் கண்களும் அதன் மேல். டீச்சர் ஓர் அட்டையை எடுத்துப் புரொஜெக்டரை மறைத்தார். திரை இருண்டது. எல்லாக் கண்களும் விளக்கு வெளிச்சத்தில் நின்ற அவரிடம் திரும்பின. அதன் பிறகுதான் அவர் பாடத்தைத் தொடர்ந்தார், இரண்டு கைகளாலும், விரல்களாலும், விறுவிறுவென்று. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கையாலேயே என்னவோ கேட்டார். அறையே குலுங்கிச் சிரித்தது.

அந்த வகுப்பில் காது கேட்பவர்கள், கதவருகே நின்ற இரண்டு பேர் மட்டும்தான்.

கறுப்புப் பக்கங்கள் அன்றே திரும்பி வந்தன, மையம் எல்லா வகுப்புக்கும் வாங்கிக்கொண்டது, அவன் மனைவி டீச்சரிடமே சைகை மொழி கற்று, இப்போதெல்லாம் விருந்தாளிகளை எதிரே வைத்துக்கொண்டே அவனைத் தாராளமாகத் திட்டுகிறாள்.